அண்ணா, ஊட்டிக்குக் கூட்டிட்டு வரலாமா?

ஏப்ரல் பொறந்தா போதும், குன்னூர்ல குடியிருக்கிறவனுக்குப் போன் ஓயாது. பத்து வருஷமா பேசாத ஒன்னுவிட்ட பெரியப்பா பையன்கூட "எப்படிடா இருக்க?"ன்னு உருகுவான். அடுத்த கேள்வி "அங்க குளிரா?". அதுக்கடுத்தது "ரூம் ஏதாச்சும்...". இதெல்லாம் மலையில இருக்கிறதுக்குக் கட்டுற வரின்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவேன்.

ஆனா வருஷத்துக்கு ரெண்டு மூணு போன் வேற மாதிரி வரும். குரல் தணிஞ்சிருக்கும். போன வருஷம் திருப்பூர்ல இருந்து சித்தி பொண்ணு பேசினா.

"அண்ணா, பாப்பாவுக்கு சுகர் இருக்குல்ல... ஊட்டிக்குக் கூட்டிட்டு வரலாமா?"

பாப்பாவுக்கு வயசு ஒன்பது. டைப் ஒன் சர்க்கரை. இது இனிப்பு அதிகமா தின்னதால வந்தது இல்லைங்க (இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே அவங்கம்மாவுக்கு வாய் வலிச்சுப் போச்சு). உடம்பு தன்னோட கணையத்தையே தாக்கி, இன்சுலின் சுரக்கறதை நிறுத்திடுது. ஒரு நாளைக்கு நாலு ஊசி. ஆறேழு தடவை விரலைக் குத்திப் பார்க்கணும். மத்தபடி மத்த பிள்ளைங்க மாதிரிதான் ஓடும், சண்டை போடும், ஹோம்வொர்க் செய்யாம ஏமாத்தும்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தித்தான். கூட்டிட்டு வரலாமான்னு அவ கேட்டது தப்பில்ல. ஒரு தாய் தன் குழந்தையை விளையாடக் கூட்டிட்டுப் போக இப்படிக் குரலைத் தணிச்சு அனுமதி கேட்க வேண்டியிருக்கே, அது தப்பு. அதைத்தான் இன்னிக்குக் கிழிக்கப் போறேன். ஆட்டோ அனுப்புறவங்க அனுப்பலாம். (குன்னூர் மேட்டுல ஏறுமான்னு மட்டும் பார்த்துக்கோங்க.)

கேட்டில் நடந்த கதை

வந்தாங்க. மலையேறினாங்க. மூணாவது நாள் குழந்தைங்களுக்கான ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். பேர் வேண்டாம். இதே கதை இந்தியாவுல முக்காவாசிப் பூங்கா வாசல்ல நடக்கும்.

செக்யூரிட்டி பையைத் திறந்தார். குளுக்கோஸ் பிஸ்கட், ரெண்டு ஜூஸ் பாக்கெட், சின்ன டப்பாவுல கடலைமிட்டாய், இன்சுலின் பேனா, ஊசி.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்மா."

"சார், குழந்தைக்கு சர்க்கரை. திடீர்னு குறைஞ்சா உடனே கொடுக்கணும்."

"சுகர்னா எதுக்கும்மா ஜூஸ்?"

இந்தக் கேள்விக்கு நான் சிரிக்கணுமா அழணுமான்னு தெரியல. மேனேஜர் வந்தார். ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். "உள்ள ஃபுட் கோர்ட்ல எல்லாம் கிடைக்கும் மேடம். ஊசி எல்லாம் பாதுகாப்புக்காக அனுமதிக்கறதில்ல." டாக்டர் சீட்டைக் காட்டினோம். அரை மணி நேரப் பேச்சுக்கு அப்புறம் ஊசிக்கு அனுமதி, ஜூஸுக்கு இல்லை! இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் குறைக்கலாமாம், குறைஞ்சதைத் தூக்கி நிறுத்த மட்டும் ஒன்னும் கையில இருக்கக் கூடாதாம். தீப்பெட்டிக்கு அனுமதி, தண்ணி வாளிக்குத் தடைங்கிற மாதிரி.

ரெண்டாவது ராட்டினத்துக்கு வரிசையில நிக்கும்போது குழந்தைக்கு வேர்த்துச்சு. ஊட்டிக் குளிர்ல வேர்வை! கை நடுங்குச்சு. குத்திப் பார்த்தா 54. எழுபதுக்குக் கீழ போனாலே உடனே ஏதாச்சும் கொடுக்கணும். அவங்கப்பா ஃபுட் கோர்ட்டுக்கு ஓடினார். அங்க ஒரு வரிசை, கூப்பன் வாங்க இன்னொரு வரிசை. நல்லவேளை, என் தங்கச்சி தாலிக்கொடி மாதிரி எப்பவும் கூட வெச்சிருக்கிற குளுக்கோஸ் பொட்டலம் ஒன்னு புடவை மடிப்புல இருந்துச்சு. திருடி மாதிரி ஒளிச்சுக் கொண்டு போனது. கால் மணி நேரத்துல குழந்தை தேறிடுச்சு.

தேறினதும் அது கேட்ட கேள்விதான் என்னைத் தூங்க விடல. "மாமா, என்னாலதான் எல்லாரும் வரிசையை விட்டு வந்துட்டீங்களா?"

இல்ல கண்ணு. உன்னால இல்ல.

"எதுக்கு இந்த வம்பு?" கோஷ்டி

ஊருக்குத் திரும்பின உடனே சொந்தக்காரங்க ஆரம்பிச்சாங்க. "இதுக்குத்தான் சொன்னோம், இந்த மாதிரி குழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்கு ஊர் சுத்தறது? வீட்டுல டிவி போட்டுக் குடுத்தா ஆச்சு."

அக்கறையாத்தான் சொல்றாங்க. அதுதான் பிரச்சினையே. திட்டினா திருப்பித் திட்டலாம், அக்கறைக்கு என்ன பதில் சொல்றது?

நான் சொல்ற பதில் இது. இந்தக் குழந்தைங்களோட வாழ்க்கையில ஏற்கனவே ஆஸ்பத்திரி பாதியை எடுத்துக்குது. வகுப்புல பிறந்தநாள் கேக் வெட்டும்போது கணக்குப் போடணும். தலசீமியா குழந்தைன்னா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதரம் ரத்தம் ஏத்தணும். தசைச் சிதைவு நோய் இருக்கிற பையன்னா, போன வருஷம் ஏறின படியை இந்த வருஷம் ஏற முடியாது. அவனுக்கு "அப்புறம் பார்க்கலாம்" சொல்றதுல அர்த்தமே இல்ல. நமக்கெல்லாம் அடுத்த சீசன் உண்டு. அவனுக்கு அடுத்த சீசன்ல கால் இருக்குமான்னு தெரியாது.

விளையாட்டு மிச்ச நேரத்துல குடுக்கிற சலுகை இல்லைங்க. ஐ.நா.வோட குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 31-வது பிரிவு விளையாட்டை உரிமைன்னே சொல்லுது. இந்தியா அதை 1992-லேயே ஏத்துக்கிட்டது. அதுல "உடம்பு நல்லா இருக்கிற குழந்தைக்கு மட்டும்"னு அடிக்குறிப்பு கிடையாது.

பயம் நியாயம், பயமுறுத்தல் நியாயமில்லை

"அப்ப எல்லாரும் எதையும் பார்க்காம கிளம்பி வந்துடலாமா?"ன்னு ஒரு அனானி கேப்பார். கூடாது சாமி. மலை மலைதான்.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கடல்மட்டத்துல இருந்து 326 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர். கார்ல ரெண்டு மூணு மணி நேரத்துல கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் செங்குத்தா ஏறிடறோம். மேல மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையில கிடைக்கிறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான். நமக்கு லேசா மூச்சு வாங்கறதோட சரி. பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து உதடு நீலமாகிற குழந்தைக்கோ, நுரையீரல் ரத்த அழுத்தம் இருக்கிற குழந்தைக்கோ அப்படியில்ல. அவங்க டாக்டரைக் கேக்காம ஏறவே கூடாது.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடற பிள்ளை கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்தா மாத்திரையும் கூடவே போயிடும். விடிகாலை கிளம்பறோம்னு தூக்கத்தைக் கெடுத்தா அதுவே வலிப்பைக் கூப்பிடும். இன்சுலின் எதிர்மாதிரி ரெண்டு ஆபத்து உள்ள சரக்கு. மேட்டுப்பாளையம் வெயில்ல பூட்டின கார்ல விட்டா கெட்டுப்போகும், டிசம்பர் ஜனவரி உறைபனியில வெளிய விட்டு உறைஞ்சாலும் கெட்டுப்போகும். ரொம்பக் குளிர்ல சர்க்கரை பார்க்கிற மெஷின்கூட ஒழுங்கா வேலை செய்யாது, சட்டைக்குள்ள வெச்சுச் சூடாக்கணும். நாள் பூரா மேடு ஏறி இறங்கின குழந்தைக்கு ராத்திரி தூக்கத்துல சர்க்கரை இறங்கலாம்.

இதெல்லாம் ஒரு பக்கத்துல அடங்கற விஷயம். ஆனா அந்த ஒரு பக்கத்தை யார் தர்றாங்க? ஓட்டல் வெப்சைட்ல "மலைக்காட்சி அறை" இருக்கும், ரூமுக்கு எத்தனை படின்னு இருக்காது. பூங்கா விளம்பரத்துல எத்தனை ராட்டினம்னு இருக்கும், முதலுதவி அறை எங்கன்னு இருக்காது. தங்கச்சி மாதிரி ஆளுங்க வேற வழியில்லாம என்னை மாதிரி ஒரு அண்ணனுக்குப் போன் போடறாங்க. அண்ணன் இல்லாதவங்க?

இன்னொன்னும் சொல்லிடறேன். இதயக் கோளாறு உள்ளவங்க இந்த ராட்டினத்துல ஏறாதீங்கன்னு போர்டு வைக்கிறது நியாயம். உயரக் கணக்கு வைக்கிறது நியாயம். அதையெல்லாம் நான் எதிர்க்கல. காரணம் தெரியாம, "எங்களுக்கு எதுக்கு ரிஸ்க்"னு மொத்தமா வாசல்லயே நிறுத்தறதைத்தான் எதிர்க்கிறேன். 2022 மே மாசம் ராஞ்சி ஏர்போர்ட்ல நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு சிறப்புக் குழந்தை பதட்டமா இருந்ததுன்னு விமானத்துல ஏத்த மறுத்தாங்க. கூட இருந்த பயணிகளே குழந்தைக்காகப் பேசினாங்க. கடைசில விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இண்டிகோவுக்கு 5 லட்சம் அபராதம் போட்டுச்சு. ஆகாசத்துல கேக்க ஒரு ஆள் இருக்காங்க. ராட்டினத்துக்கு யார் இருக்கா?

வருஷத்துக்கு ஒரு நாள் பாசம்

அடுத்து, பேனர் கோஷ்டி. டிசம்பர் 3 வந்தா "சிறப்புக் குழந்தைகளுக்கு இன்பச் சுற்றுலா". பஸ், தொப்பி, ஸ்பான்சர் பேர் போட்ட பனியன், குரூப் போட்டோ. குழந்தைங்க சந்தோஷப்படறாங்க, அதுல சந்தேகமே இல்ல. நடத்தறவங்க மனசையும் குறை சொல்லல. ஆனா மறுநாள் அதே குழந்தை அப்பா அம்மாவோட அதே இடத்துக்கு வந்தா அதே படிக்கட்டுதான் நிக்குது. படிக்கட்டுக்குப் போட்டோ எடுத்தது தெரியாது பாருங்க.

மெரினாவைப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தற்காலிகமாப் பாதை போடுவாங்க, எடுத்துடுவாங்க. அலையில கால் நனைக்க வருஷத்துக்கு ஒரு தவணை! நிரந்தரமா வேணும்னு அவங்களே வருஷக்கணக்குல போராடினாங்க. 2022 நவம்பர் 27-ல மரப்பாதை திறந்தாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து அதைப் பிச்சுப் போட்டுச்சு. உடனே "பாத்தீங்களா, இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது"ன்னு சிரிச்சவங்க உண்டு. சரி பண்ணித் திரும்பவும் திறந்தாங்களே! புயல்ல ரோடு போனா ரோடே வேணாம்னா சொல்றோம்? 2009 நவம்பர் மண்சரிவுல எங்க மலைப்பாதையே போச்சு, நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. திரும்பப் போட்டோம்ல?

"மலைங்க, சரிவுங்க, என்ன பண்றது?"

இதுதான் அதிகாரிங்க, முதலாளிங்க எல்லாருக்கும் கடைசி ஆயுதம். தாவரவியல் பூங்கா 1848-ல ஆரம்பிச்சது, மேடு பள்ளம். சிம்ஸ் பூங்கா பள்ளத்தாக்குல இருக்கு. ரோஜாப் பூங்கா அடுக்கடுக்கா இருக்கு. எப்படி சார் சக்கர நாற்காலி போகும்?

உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். எங்க மலை ரயில் ஏறுற அதிகபட்சச் சரிவு 1-க்கு 12. அதாவது பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏறும். பல்சக்கரம் மாட்டி, 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 1899-ல குன்னூர், 1908-ல ஊட்டி. டைனமைட்டும் கடப்பாரையும் கூலிக்காரங்க முதுகும் வெச்சுச் செஞ்சது. 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சு, நாமளும் மார் தட்டிக்கறோம்.

சக்கர நாற்காலி சாய்தளத்துக்கு விதிப்படி அதிகபட்சச் சரிவு எவ்வளவு தெரியுமா?

1-க்கு 12.

அதே கணக்குங்க! ஒரு ரயிலையே அந்தச் சரிவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி மலைமேல ஏத்தின ஊர்ல, ஒரு குழந்தையோட நாற்காலியை டிக்கெட் கவுன்டர்ல இருந்து புல்வெளி வரைக்கும் ஏத்த முடியாதுன்னு சொன்னா நம்பறதுக்கு நான் என்ன காதுல பூ வெச்சுக்கிட்டா திரியறேன்? அதுவும் பூவுக்குக் கண்காட்சி நடத்துற ஊர்ல!

எல்லா மூலைக்கும் போகணும்னு யாரும் கேக்கல. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அதுக்கு லிஃப்ட் போடச் சொல்லல. ஒரு பூங்காவுல ஒரு சுத்துப்பாதை. ஒரு கழிப்பறை, கதவு அகலமா. உட்கார ஒரு நிழல். அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு இருக்கு. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல், தசைச் சிதைவு எல்லாம் அதுல வருது. பொழுதுபோக்குல பங்கெடுக்கிற உரிமையையும் அந்தச் சட்டம் சொல்லுது. 2024 நவம்பர் 8-ல உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு மத்திய அரசுக்குச் சொல்லிடுச்சு. எங்க பாப்பாவோட டைப் ஒன் சர்க்கரை அந்த 21-ல இல்ல. அதனால காட்ட அட்டையும் இல்ல. வெளியில பார்த்தா "நல்லாத்தான இருக்கா" வேற. கேட்ல நிக்கிற அம்மாவோட வாய்தான் அவளுக்குச் சர்டிபிகேட்.

வெளிநாட்டுப் பெருமை பேசினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் ஒன்னு. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 1986-ல ஹென்றி லாண்ட்வர்த்ங்கிற ஓட்டல்காரர் நோயாளிக் குழந்தைங்களுக்காக ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, அப்புறம் அவங்க குடும்பத்தோட வந்து தங்க ஒரு கிராமமே கட்டினார். நாஜி முகாம்ல இருந்து தப்பிச்ச மனுஷன். ரத்தப் புத்துநோய் வந்த ஒரு சின்னப் பொண்ணு பூங்கா பார்க்க ஆசைப்பட்டுச்சு. ஏற்பாடெல்லாம் முடியறதுக்குள்ள அது போயிடுச்சு. இனிமே எந்தக் குழந்தையும் ஏற்பாட்டுக்காகக் காத்திருந்து போகக் கூடாதுன்னு ஆரம்பிச்சார். டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல 2010-ல மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் திறந்தாங்க. சக்கர நாற்காலியோட அப்படியே ஏறுற ராட்டினம், ஊஞ்சல். மாற்றுத்திறனாளிக்கு நுழைவு இலவசம். ஆரம்பிச்சவர் ஒரு அப்பா. நீச்சல் குளத்துல தன் மகளோட விளையாட மத்த பிள்ளைங்க தயங்கினதைப் பார்த்தவர்.

ரெண்டு பேருமே முதல்ல சட்டத்தைப் பார்க்கல, ஒரு குழந்தை முகத்தைப் பார்த்தாங்க.

மலையோட சொந்தப் பிள்ளைங்க

இதுவரைக்கும் வெளியூர்க் குழந்தையைப் பத்திப் பேசினேன். இனிமே சொல்றதுதான் எனக்கு உறுத்தறது.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகள்ல சிக்கிள் செல் நோய் இருக்கு. ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு குழாயை அடைச்சுக்கும். எலும்புக்குள்ள கத்தி சொருகற மாதிரி வலி. கோத்தகிரியில 1958-ல டாக்டர் நரசிம்மன் ஆரம்பிச்ச ஆதிவாசி நலச் சங்கமும், 1990-ல இருந்து கூடலூர் அஸ்வினி ஆதிவாசி ஆஸ்பத்திரியும் இந்தக் குழந்தைங்களைத் தேடிப் பிடிச்சு வைத்தியம் பார்த்தாங்க. மத்திய அரசோட சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையிலதான் வந்தது.

இந்த நோய்க்கு எதெல்லாம் ஆகாது? குளிர். தண்ணி குடிக்காம அலையறது. சில்லுனு தண்ணியில நனையறது. உயரத்துல ஆக்சிஜன் குறையறது. மொத்தமா, ஊட்டி எதையெல்லாம் வித்துக் காசு பார்க்குதோ அது எல்லாம்!

கூடலூர்ல இருந்து ஊட்டி அம்பது கிலோமீட்டர்தான். டெல்லிக் குழந்தை வந்து படகு விட்டுட்டுப் போகுது. இந்த மலையோட பூர்வகுடிக் குழந்தை ஆஸ்பத்திரிக்குன்னாதான் ஊட்டியைப் பார்க்குது. அதுக்குக் கம்பளியோட, சுடுதண்ணியோட, டாக்டர் சொல்ற தயாரிப்போட ஒரு நாள் பூங்கா பார்க்க யாராவது திட்டம் போட்டிருக்கமா? சுற்றுலா மாவட்டம்னு பேர். யாருக்குச் சுற்றுலா?

சும்மா புலம்பாம, மூணே மூணு

ஒன்னு. 2024 மே 7-ல இருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு இ-பாஸ். வண்டி நம்பர், எத்தனை பேரு, எங்க தங்கறீங்கன்னு எல்லாம் கேக்கறாங்க. இன்னும் ஒரு கேள்வி சேருங்க: "கூட வருபவருக்கு மருத்துவத் தேவை உண்டா?" ஆமான்னா, போனுக்கு ஒரு பக்கம் அனுப்புங்க. எந்த ஆஸ்பத்திரி எங்க, சீசன்ல எந்த ரோடு ஒருவழி, எந்தப் பூங்காவுல சாய்தளம் இருக்கு, 108-க்கு என்ன அடையாளம் சொல்லணும். பைசா செலவில்ல.

ரெண்டு. பூங்கா வாசல்ல ஒரு போர்டு: "மருத்துவத் தேவைக்கான உணவு, மருந்து, ஊசி அனுமதிக்கப்படும்." செக்யூரிட்டி அண்ணனுக்கு அரை மணி நேரம் சொல்லிக் குடுங்க. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல, யாரும் அவருக்குச் சொல்லித் தரல. ஜூஸ் வித்து வர்ற லாபத்துக்காக ஒரு குழந்தை மயங்கி விழக் கூடாது.

மூணு. ஊட்டி நடுவுல குதிரைப் பந்தய மைதானத்தை 2024 ஜூன்ல அரசு திரும்ப எடுத்துச்சு. ஐம்பது ஏக்கருக்கு மேல. சூழல் பூங்கா அமைக்கப் போறதாச் சொன்னாங்க. ஊட்டியில சமதளம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு, அதுவும் குதிரை ஓடின இடமே கிடைச்சிருக்கு. பூங்கா வந்தா வரைபடத்துலேயே சாய்தளத்தைப் போடுங்க. கட்டி முடிச்சு அஞ்சு வருஷம் கழிச்சு இடிச்சுப் போடாதீங்க. "மலைங்க, சரிவுங்க" வசனம் அங்க செல்லாது.

நண்பர்களே, உங்க ஊர்ப் பூங்காவுல என்ன நிலைமைன்னு நீங்களும் எழுதுங்க. எத்தனை படி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், ஜூஸை விட்டாங்களா இல்லையா. சினிமா விமர்சனத்துக்கு நடுவுல ஒரு பத்தி போதும். எங்கயோ ஒரு அம்மா ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தேடிக்கிட்டிருப்பா.

தங்கச்சி இந்த வருஷமும் போன் பண்ணினா.

"அண்ணா, வரலாமா?"

"வா. ஜூஸ் பாக்கெட்டை நான் பார்த்துக்கறேன்."

பின்னாடி இருந்து பாப்பா குரல்: "மாமா, அந்த ராட்டினத்துல ரெண்டாவது ரவுண்டு பாக்கி இருக்கு!"

கணக்கை மறக்கல பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மேல சொன்னதை வெச்சுக்கிட்டு யாரும் கிளம்பிடாதீங்க, உங்க குழந்தையோட டாக்டரைக் கேளுங்க. கேக்கும்போது "போகலாமா?"ன்னு கேக்காதீங்க. "எப்படிப் போகணும்?"னு கேளுங்க.